லயமும் நூதனசாலையும்

பழம்பொருள்களைத் தொகுத்து வைக்கும் இல்லத்தை ஈழத்துத் தமிழர் நூதனசாலை என வழங்குவர். நூதனம் என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். பழமையைப் போற்றும் இல்லம் புதுமையின் பெயரைத் தாங்கி நிற்றல் முதற்கண் முரணாகத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்குவார்க்கு அம்முரண் நீங்கும். பாட்டியின் கையில் நாள்தோறும் சுழன்ற திருகை, பேத்தியின் கண்ணுக்குப் புதுமையாகும் காலத்திலேயே காட்சிப் பேழையினுட் புகுகின்றது. ஒரு பொருள் வாழ்க்கையினின்று விலகிய பின்னரே நூதனமாகும் என்பது இதனாற் பெறப்படும். எனவே நூதனசாலையின் வாயிலில் நின்று நாம் வினவவேண்டிய முதல் வினா ஒன்றுண்டு: ஈண்டு வைக்கப்பெற்ற பொருள் உண்மையில் வாழ்க்கையினின்று விலகிவிட்டதா? பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசரின் முடியும் வாளும் மட்டுமே காட்சிக்குரியன என்றிருந்த காலத்தில், உழவன் வீட்டு அடுப்பும் காட்சிக்குரியதே எனத் துணிந்து கூறியவருள் ஆதூர் ஹசேலியஸ் என்பார் முதன்மையானவர். சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமில் 1891ஆம் ஆண்டு அவர் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி நூதனசாலையை நிறுவினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வீடுகள் பெயர்த்துக் கொணரப்பட்டு அங்கு மீண்டும் நிறுத்தப்பட்டன. அவ்வழியையே பின்னர் உலகெங்கும் பலர் பின்பற்றினர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா, தென்னிந்தியப் பழைய வீடுகளை அவ்வாறே பெயர்த்து வைத்துக் காட்டுகின்றது. நம் நாட்டிலோ, தென்கரையிலுள்ள கொக்கலையில், சிங்கள இலக்கியப் பேராசான் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீட்டுச் சூழலில் 1981இல் நாட்டார் பண்பாட்டு நூதனசாலை ஒன்று அமைக்கப்பட்டது. உழவர், மீனவர், குயவர் முதலானோரின் கருவிகளும், கூத்து முகமூடிகளும், வண்டிகளும், வீட்டுப் பாண்டங்களும் அங்குள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தளம் அமைத்தற்பொருட்டுக் கொக்கலைக் கிராமம் அப்புறப்படுத்தப்பட்டது என்பதை நினைவிற் கொள்வார்க்கு, எஞ்சிய அவ்வீட்டின் அருமை தெற்றெனப் புலப்படும்.

இவ்வில்லங்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. அவற்றிற் காணப்படும் வீடு, அதில் வாழ்ந்தவனுடையது. குயவன் வீட்டிற் சக்கரம் இருக்கும். நெசவாளி வீட்டிற் தறி இருக்கும். உழவன் வீட்டில் ஏரும் நெற்குதிரும் இருக்கும். தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் அமைந்து, அக்கூரையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது கிராமம். அதனால் அங்கிருந்து எடுத்த ஒரு பொருளைக் காணும்போது, அதனைச் சூழ்ந்த வாழ்வு முழுவதும் நம் கண்முன் விரிகின்றது.

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது இவ்வுண்மையையே கருத்திற் கொண்டார் எனலாம். தெய்வமும் உணவும், விலங்கும் மரமும், புள்ளும் பறையும், தொழிலும் யாழும் எனத் தனித்தனி எண்ணப்பட்டாலும், அவை யாவும் ஒரு நிலத்தின்கண் ஒன்றையொன்று தழுவி நிற்பன. குறிஞ்சி நிலத்துத் தினையை அந்நிலத்துக் கிளியினின்றும், கிளியை அதனை ஓட்டும் பெண்ணினின்றும் பிரித்தல் இயலாது. பொருள்களின் பட்டியலை நோக்கினும் அவற்றின் உறவையே புலவர் பெரிதாக மதித்தனர். நாட்டுப்புற வாழ்வைக் காட்ட முற்படும் எந்த நூதனசாலையையும் மதிப்பிடுதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை. அங்கு பொருள் உள்ளதா என்பதோடு, பொருள்களுக்கிடையே இருந்த உறவும் உள்ளதா என்று காணவேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு தோட்டத்தை அளப்போமாயின், அது கிராமம் அன்று என்பது உடனே விளங்கும். மலையும் மலைசார்ந்த இடமும் என்ற அளவில் ஊவா குறிஞ்சியே. ஆனால் அங்கு வாழும் மக்களின் தொழில் குறிஞ்சித் தொழில் அன்று. அவர்கள் உண்ணும் அரிசி அம்மலையில் விளைந்ததும் அன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதற் பரவிய இலைநோயாற் கோப்பிப் பயிர் அழிந்தபின், தேயிலை மலைநாட்டையே மூடியது. அதன்பொருட்டுத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த மக்களுக்குத் தோட்ட நிர்வாகம் வரிசை வரிசையாக அறைகளைக் கட்டிற்று. ஆங்கிலத்து லைன் என்னும் சொல் தமிழர் வாயில் லயம் ஆயிற்று. அதன் ஓர் அறை, போர்த்துக்கேயச் சொல்வழி காம்பரா எனவும், முன்திண்ணை ஒல்லாந்தச் சொல்வழி இஸ்தோப்பு எனவும் பெயர் பெற்றன. காலையிற் கூடும் இடம் பிரட்டுக்களம் ஆயிற்று. காம்பராவின் அளவு ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. தொழிலாளியின் பெயர் செக்ரோலில் உள்ளவரைதான் அக்காம்பரா அவனுக்குரியது. பெயர் வெட்டப்படின் கூரையும் அற்றுப்போம். தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருப்பது கிராமம் என்றோம். கூரையே தொழிலின் கூலியாய் நிற்பது தோட்டம்.

இவ்வேறுபாட்டை நம் நாட்டு நூதனசாலைகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இனி நோக்குவாம். கண்டிக்கு அண்மையில், ஹந்தானையில், 1925இற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாக மாற்றப்பட்டது. கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்திய பழைய இயந்திரங்களும், டெய்லர், லிப்டன் ஆகியோரைப் பற்றிய காட்சிகளும் அங்கு இடம்பெறுகின்றன. தேயிலையின் கதையை அறிய விரும்புவார்க்கு அது பெரிதும் பயன்படும் என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அக்கதையின் தலைவர் இயந்திரமும் துரையுமே. கொழுந்து தொழிற்சாலை வாயிலை அடைந்த பின்னரே அக்கதை விரைவு பெறுகின்றது. அதற்கு முன் அக்கொழுந்து எந்தக் கூடையில், எவருடைய முதுகில், எத்தனை மேடு ஏறி வந்தது என்பதை அறிய வேறிடம் நாடவேண்டும்.

அவ்வேறிடம் 2007இல் வாய்த்தது. கம்பளையை அடுத்த ஓல்ட் பீக்கொக் தோட்டத்திற் சமூக அபிவிருத்தி நிறுவகம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் நிறுவியது. லயத்தையே காட்சியிடமாகக் கொண்டு, தொழிலாளர் வீட்டுப் பாண்டங்களையும், வேலைக் கருவிகளையும், இசைக் கருவிகளையும், எழுத்தாவணங்களையும் அங்கு தொகுத்தனர். துரைமார் வரலாற்றின் ஓரத்திற் தொகையாக மட்டும் எண்ணப்பட்டு வந்த மக்கள், தம் சொந்த வரலாற்றின் நடுவே முதன்முறையாக நின்றனர். இது சிறிய செயல் அன்று. அரசும் பெருநிறுவனங்களும் செய்யாததை மக்கள் சார்ந்த ஒரு நிறுவகம் செய்தது என்னும் பெருமை அதற்கு என்றும் உரியது.

ஆயினும் போற்றுதற்குரிய முயற்சியிலும் ஆராய்தற்குரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. அது நடத்துவோரின் குறையன்று. நூதனசாலை என்னும் வடிவத்திலேயே பொதிந்துள்ள குறை. காட்சியறை வெறுமையாக இருக்கும். காம்பராவோ ஒருபொழுதும் வெறுமையாக இருந்ததில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்திற் கணவன், மனைவி, மூத்தோர், மணமான மகன், படிக்கும் பிள்ளை ஆகிய அனைவரும் உறங்கியெழுந்தனர். அடுப்புப்புகை கூரைத் தகரத்தைக் கருக்கிற்று. மழைக்காலத்தில் நனைந்த கம்பளி உலர்வதற்கு அவ்வடுப்பையன்றி வேறிடம் இல்லை. அதே அளவுள்ள அறையைத் துடைத்துத் தூய்மை செய்து, அம்மியையும் விளக்கையும் ஒழுங்குற வைத்துக் காட்டும்போது, காண்பவன் கண்ணுக்கு அது போதிய இடமாகவே தோன்றும், அழகாகவும் தோன்றலாம். பொருள் உண்மையாக இருந்தும் காட்சி பொய்த்துவிடும் இடம் இது. தொல்காப்பியர் அளவுகோல் இங்கேதான் பயன்படுகின்றது. அறையும் உள்ளது, அம்மியும் உள்ளது. அறைக்கும் ஆட்களுக்கும் இருந்த உறவு இல்லை.

ஊவாவை நோக்குவோமாயின் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. அப்புத்தளை மலையில் 1890ஆம் ஆண்டு தாமஸ் லிப்டன் நிறுவிய தம்பேதன்னைத் தொழிற்சாலை இன்றும் நிற்கின்றது. சேர் தாமஸ் வில்லியர்ஸ் 1931இற் கட்டிய அடிசம் மாளிகை துறவியர் மடமாக நன்கு பேணப்படுகின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுகளையுடைய புகையிரதப் பாலத்தைக் காணத் திசையெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 1924இற் பதுளையை அடைந்த அப்புகையிரதப் பாதை, தேயிலைப் பெட்டிகளை மலையிலிருந்து இறக்குதற்குப் பெரிதும் உதவியதாகும். தொழிற்சாலை, துரைமாளிகை, பாலம் ஆகிய இம்மூன்றையும் வரும் பயணி இறங்கிக் கண்டு மகிழ்கின்றான். இவற்றிற்கு இடையே நிற்கும் லயங்களையோ வண்டியின் சாளரத்தினூடே மட்டும் கண்டு செல்கின்றான். ஒரு நாகரிகம் எவற்றைப் பேணுகின்றது என்பதைக்கொண்டே அது எவரை மதித்தது என்பதை உணரலாம்.

ஆனால் லயத்தையும் பேணுக என்று உடனே கூறிவிடல் எளிதன்று. முதலிற் கேட்ட வினா ஈண்டு மீண்டும் எதிர்ப்படுகின்றது. ஊவாவில் லயம் இன்னும் வாழ்க்கையினின்று விலகவில்லை. 7 பேர்ச்சு நிலத்திற் தனிவீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் சில தோட்டங்களில் நிறைவேறியுள்ளன. எனினும் இன்றும் பல குடும்பங்கள் லயக் காம்பராக்களிலேயே குடியிருக்கின்றன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மண்ணுட் புதையுண்டோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. இத்தகைய நிலையில், ஒரு மலையின் இப்பக்கத்தில் லயத்தைக் காட்சிப்பொருளாக்கி வைத்து, அப்பக்கத்தில் மக்களை அதிலேயே குடியிருக்க விடுவோமாயின், அது நினைவுச் சின்னமாகாது; நினைவின் பெயரால் நிகழும் மறதியாகும்.

அங்ஙனமாயின் லயத்தைக் காப்பது தவறா? சுவீடனின் ஸ்கான்சென் இதற்கு விடை பகர்கின்றது. பெருநிலக்கிழார் பண்ணைகளில் ஆண்டு ஒப்பந்தத்திற்குக் குடும்பத்தோடு கட்டுண்டு உழைத்த ஸ்தாத்தாரே என்னும் கூலிமக்கள் அந்நாட்டில் இருந்தனர். கூலியின் பெரும்பகுதி தானியமும் பாலுமாகவே அளக்கப்பட்டது. கணவன் பெற்ற ஒப்பந்தத்தோடு மனைவி பண்ணைப் பசுக்களைக் கறக்கும் கடமையும் பிணைந்து வந்தது. அவர்கள் வாழ்ந்த வரிசைக் குடியிருப்பு ஒன்றும் ஸ்கான்சென்னிற் காக்கப்படுகின்றது. ஆனால் அம்முறை 1945இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அவ்வீட்டினுட் புகும் இன்றைய சுவீடன் நாட்டுச் சிறுவன், இவ்வாறும் மக்கள் வாழ்ந்தனரா என்று வியக்கின்றான். அவனுக்கு அது நூதனம். முறை ஒழிந்தது; சான்று எஞ்சியது. இவ்விரண்டும் சேர்ந்தே நிகழவேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம். லயங்கள் இடிக்கப்படவேண்டும், ஆனால் சான்றாக ஒன்றேனும் நிற்கவேண்டும். எல்லாவற்றையும் இடித்துவிட்டால், அங்கு எவரும் துன்புற்றிலர் என்று நாளை ஒருவர் எழுதுதல் கூடும். எதனையும் இடியாதிருந்தாலோ, அத்துன்பத்தையே பண்பாடு என்று பெயரிட்டு அழைத்தல் கூடும்.

அங்ஙனம் நிற்கும் ஒரு லயத்தில் எவற்றை வைத்தல் வேண்டும்? மட்டக்கம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேழையினுள் அது வெறுங்கோல். தேயிலைச் செடியின் மேற்றளத்தில் அதனைக் கிடத்தி, மட்டத்துக்கு மேலெழுந்த இரண்டு இலையும் ஓர் அரும்பும் மட்டும் இரு கைகளாலும் கிள்ளிப் பின்னோக்கிக் கூடையில் எறியும் பெண்ணின் விரைவு அதிலே தெரியாது. கூடைக்கயிறு உச்சந்தலையில் பதிந்த இடத்தில் ஏற்பட்ட தழும்பும் தெரியாது. அட்டைக்கும் ஈரத்துக்கும் அஞ்சி இடுப்பிற் கட்டிய படங்கின் பாரமும் தெரியாது. ஊவாவிற் கச்சான் காலத்து வறண்ட காற்று வீசும் யூலை முதற் செப்டெம்பர் வரையுள்ள பருவத்தில், கொழுந்து குறைந்து மணம் மிகும் என்பர். அப்பருவத்துத் தேயிலை உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறும். ஆனால் கொழுந்து குறைந்த மலையில் நிறையைச் சேர்க்க அதே பெண் எத்தனை செடிகளை மிகுதியாகக் கடக்கவேண்டியிருக்கும் என்பதை மட்டக்கம்பு தானே கூறமாட்டாது. அதனை அறிந்தவள் அவளே. கோலோடு அவளுடைய சொல்லும் வைக்கப்படும்போதுதான் அது அரும்பொருளாகும்.

தப்பு என்னும் பறையும் அத்தகையதே. விடியற்கு முன் மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் அக்கருவி; மாசித் திங்களிற் காமன் கூத்துக்கு ரதியையும் மதனையும் ஆடவைத்ததும் அக்கருவியே. ஒரே தோலில் ஏவலும் விழாவும் ஒலித்தன. அதனோடு மற்றோர் உண்மையையும் மறைத்தலாகாது. தப்பை முழக்கியவர் கோயிலில் எவ்வெல்லை வரை செல்ல முடிந்தது, எச்சாதியார்க்கு எந்த லயம் ஒதுக்கப்பட்டது என்பனவும் இவ்வரலாற்றின் பகுதிகளே. துரையின் கொடுமையை மட்டும் காட்டி, நம்மிடையே நாம் இழைத்த கொடுமையைத் திரையிட்டு மறைப்பது நூதனசாலைக்கு அழகாகாது. இயந்திரத்தைக் காக்கும் ரோதைமுனியையும், லயத்துக்கு அண்மையிற் கோயில் கொண்ட மாரியம்மனையும் வழிபட்ட மக்களின் நம்பிக்கை எவ்வளவு உண்மையோ, அவ்வேறுபாடுகளும் அவ்வளவு உண்மை.

எழுத்தாவணங்களும் இவ்வாறே பேசவைக்கப்படல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து வந்தவர் செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் தகரத்துண்டு ஒன்று அவர் கழுத்திற் தொங்கியது. தொழிலாளியைக் கடனோடு கங்காணிக்குப் பிணித்த துண்டுமுறை 1921இல் நீக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் வேறு காகிதங்கள் வந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பகுத்தது. கணக்கில் வகுபட்டவை எண்கள். உண்மையில் வகுபட்டவை காம்பராக்கள். அண்ணன் கப்பலேறத் தம்பி இஸ்தோப்பில் நின்ற வீடுகள் பல. தலைமன்னார் வழியே சென்றோர் சிலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். எனவே ஊவாவின் நினைவிற் பாதி கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ளது என்று கூறினும் மிகையாகாது.

இந்நினைவைத் தொகுக்கும் பணிக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் மக்கள் வாயிற் கேட்டுத் தொகுத்த பாடல்கள் 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வெளிவந்தன. பொருள்கள் எவையும் வைக்கப்படாத அந்நூலே ஒரு சிறந்த நூதனசாலை எனலாம். ஏனெனில் அதிற் பேசுபவர் அம்மக்களே. 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் மீண்டும் படித்த அச்செயலும் அவ்வகையினதே.

இங்கு நம் கல்லூரி மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. நிலப்படத்தில் ஆங்கிலப் பெயர் தாங்கிய தோட்டம் மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் தாங்கும். அப்பெயர்களை அறிந்தோர் நாளுக்குநாட் குறைகின்றனர். பீலிக்கரையில் நீர் மொண்ட முறை, கவ்வாத்து வெட்டிய கத்தியைத் தீட்டிய முறை, அரைப்பேர் கிடைத்த நாளில் அரிசியைப் பகிர்ந்து சமைத்த முறை, பிள்ளைக்காம்பராவிற் குழந்தையை விட்டு மலையேறிய தாயின் மனநிலை ஆகியவற்றை எந்த அலுவலகக் கோவையிலும் தேடிக் காணமுடியாது. விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ பத்துச் சொற்களைக் கேட்டு, அவற்றின் பொருளோடும், சொன்னவர் இசைந்தால் அவர் பெயரோடும் எழுதி வருவாராயின், ஓராண்டில் ஓர் அகராதி உருவாகும். கட்டடத்திற்குப் பொருள் வேண்டும். அதற்குக் காலம் ஆகலாம். சொல்லைத் தொகுத்தற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். கட்டடம் காத்திருக்கும், மூதாட்டியர் காத்திரார்.

ஊவாவுக்கு ஒரு நூதனசாலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதிற் பொருளோடு உறவும், உழைப்போடு உழைத்தவர் சொல்லும், பெருமையோடு பழியும் இடம்பெறல் வேண்டும். அதனினும் முதன்மையாக வேண்டுவது ஒன்றுண்டு. அதன் கதவைத் திறந்து உள்ளே வரும் சிறுமி, தான் காலையில் விட்டு வந்த வீட்டையே அங்கு மீண்டும் காணுதல் கூடாது. தன் பாட்டனார் காலத்து விந்தையாக அதனை நோக்கி, இத்தனை பேர் இதனுள்ளா வாழ்ந்தனர் என்று அவள் வியந்து வினவவேண்டும். அன்றுதான் லயம் உண்மையில் நூதனமாகும். நூதனசாலை என்னும் பெயரும் அன்றுதான் பொருளுடைத்தாகும்.